கறையின்றித் துலங்கும் கண்ணாடிச் சாளரம்

பத்தாம் வகுப்பு மாணவி, ஆழ்வார்குறிச்சி

முன்னுரை

'சுத்தம் சோறு போடும்' என்பது நம் முன்னோர் வாக்கு. நாள்தோறும் வீட்டைப் பெருக்குகிறோம். வாசல் தெளித்துக் கோலமிடுகிறோம். பித்தளைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்குகிறோம். ஆனால் வெளிச்சம் வீட்டிற்குள் வரும் வழியாகிய ஜன்னலை மட்டும் பொங்கலுக்கு ஒரு முறை துடைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அப்படித் துடைக்கும் நாளிலும் ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காய்ந்த கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரியும். மீண்டும் துடைப்போம், கோடுகள் இடம் மாறுமே தவிர மறையா. கை வலித்ததுதான் மிச்சம்.

அக்கோடுகள் எதனால் விழுகின்றன? அவை விழாமல் துடைப்பது எங்ஙனம்? நாம் வகுப்பில் படிக்கும் அறிவியல் இதற்கு எவ்வாறு உதவுகிறது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பொருளும்

நாம் அன்றாடம் வழங்கும் 'ஜன்னல்' என்னும் சொல் தமிழ்ச் சொல் அன்று. 'ஜனேலா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே ஜன்னல் ஆயிற்று. மேசை, அலமாரி, சாவி ஆகிய சொற்களும் அவ்வாறே அம்மொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கியவை. நமக்கென்றே சாளரம், பலகணி, காலதர் என்னும் அழகிய பெயர்கள் உண்டு. 'கால்' என்றால் காற்று. 'அதர்' என்றால் வழி. காற்று வரும் வழி ஆதலால் காலதர் எனப்பட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும் 'காற்றின் கண்' என்னும் பொருளுடைய பழைய வடஐரோப்பியச் சொல்லிலிருந்து பிறந்ததே. நம் முன்னோர் எண்ணமும் அவர்கள் எண்ணமும் ஒத்திருப்பது வியப்புக்குரியது அன்றோ?

முற்காலத்தில் நம் ஊர்ப்பக்க வீடுகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. மரச்சட்டமும் கம்பியும் மரக் கதவுமே இருந்தன. குமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்த சாளரங்களை இன்றும் காணலாம். வெளிச்சத்தை விட்டு, வெப்பத்தையும் தூசியையும் தடுக்க அக்காலத்தோர் கண்ட வழி அது. இன்றோ சிறு வீட்டிலும் கண்ணாடி ஜன்னல் வந்துவிட்டது. பொருள் வந்துவிட்டது, அதைப் பேணும் முறையையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

நம் ஊர்க் காற்றும் தூசியும்

ஆழ்வார்குறிச்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஊர். தாமிரபரணியின் துணையாறாகிய கடனா நதி நமக்கு நீர் தருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்தும், செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் நம் பக்கம் வீசுகிறது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஒரு நாழிகை சாரல் தூறும். மறு நாழிகை வெயில் அடிக்கும். உடனே காற்று புழுதியை வாரி இறைக்கும். நனைந்த கண்ணாடியில் புழுதி ஒட்டி, அது வெயிலில் காய்ந்து, அதன்மேல் மீண்டும் சாரல் விழுந்து, அடுக்கடுக்காக அழுக்குப் படிகிறது. பிசான நெல் அறுவடையாகிக் களத்தில் தூற்றும் நாள்களிலோ, தூசும் துரும்பும் பறந்து வந்து ஜன்னல் சட்டத்தில் குடியேறுகின்றன. சமையலறை ஜன்னலில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே நம் ஊர் ஜன்னலில் இருப்பது ஒரே வகை அழுக்கு அன்று. புழுதி, நீரின் உப்பு, எண்ணெய்ப் பசை என மூன்று வகை உண்டு. நோய் அறிந்து மருந்து தருவது போல அழுக்கின் வகை அறிந்து துடைக்க வேண்டும்.

கண்ணாடியின் இயல்பு

ஜன்னல் கண்ணாடியில் பெரும்பகுதி மணலில் உள்ள சிலிக்கா ஆகும். அதனுடன் சோடா உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்து உருக்கிக் கண்ணாடி செய்கின்றனர். உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாக ஆக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-இல் உலகுக்கு அறிவித்தனர். இன்று நாம் காணும் வழவழப்பான ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் அம்முறையில் செய்யப்படுவதே.

பிரெடரிக் மோஸ் என்னும் அறிஞர் 1812-இல் பொருள்களின் கடினத்தை அளக்க ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் வைரம் 10. மணலிலுள்ள குவார்ட்சு 7. ஜன்னல் கண்ணாடியோ ஏறத்தாழ 5.5. கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும். எனவே புழுதி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால், துணியில் சிக்கிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும். அக்கீறலை எந்த மருந்தாலும் போக்க இயலாது. பாத்திரம் துலக்கும் சாம்பலும் கண்ணாடிக்கு ஆகாது. உமிச் சாம்பலில் சிலிக்காவே மிகுதி.

கோடு விழுவதற்குக் காரணங்கள்

முதற் காரணம் நீரில் கரைந்துள்ள உப்புகள். நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது. கால்சியம், மெக்னீசியம் முதலியவற்றின் உப்புகள் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் இவ்வுப்புகள் மிகுதி. மழைநீரில் மிகக் குறைவு.

இரண்டாம் காரணம் அளவுக்கு மிஞ்சிய சோப்பு. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' அல்லவா? சோப்பு கடின நீருடன் சேர்ந்தால் நுரை தராமல், கரையாத வெண்மையான படிவாக மாறுகிறது. அது கண்ணாடியில் மெல்லிய திரை போல் ஒட்டிக்கொள்ளும். நன்னீரிலும்கூட மிகுதியான சோப்பு காய்ந்து படலமாகும்.

மூன்றாம் காரணம் வெயில். சூடான கண்ணாடியில் நாம் துடைத்து எடுக்குமுன்னே நீர் காய்ந்துவிடும். கரைந்த அழுக்கு நம் துணிக்கு வராமல் கண்ணாடியிலேயே உறைந்துபோகும்.

நான்காம் காரணம் நாம் எடுக்கும் துணி. புதுத் துண்டு நூலிழைகளை உதிர்க்கும். எண்ணெய்க் கை துடைத்த துணி எண்ணெயைப் பூசும். அழுக்கான துணி அழுக்கை இடம் மாற்றுமேயன்றி அகற்றாது.

ஒரு சிறு சோதனை

இவற்றை ஏட்டளவில் நம்பாமல் தோழியர் ஐவர் சேர்ந்து செய்து பார்த்தோம். கழுவிக் காய்ந்த ஐந்து கண்ணாடித் தகடுகளில், முறையே காய்ச்சி வடித்த நீர், மழைநீர், ஆற்றுநீர், ஆழ்துளைக் கிணற்று நீர், சோப்பு மிகுதியாகக் கரைத்த நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி இட்டு, நிழலில் ஒரு நாள் வைத்தோம். காய்ச்சி வடித்த நீர் விழுந்த இடமே தெரியவில்லை. மழைநீர் ஒரு சிறு புள்ளியை விட்டது. ஆற்றுநீர் மங்கலான வளையத்தையும், ஆழ்துளைக் கிணற்று நீர் பளிச்சென்ற வெள்ளை வளையத்தையும் விட்டன. சோப்பு நீரோ விரலால் வழித்தால் ஒட்டும் படலத்தை விட்டது.

நீரின் உப்பு துளி முழுவதும் பரவாமல் வளையமாக நிற்பது ஏன்? இதே ஐயம் காப்பிச் சொட்டு காய்ந்த கறையைப் பார்ப்பவர்க்கும் எழும். 1997-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக அறிஞர்கள் இதற்கு விடை கூறினர். துளியின் விளிம்பு கண்ணாடியில் பற்றி நிற்கிறது. அங்கே நீர் விரைவாக ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது அழுக்கையும் சுமந்து சென்று விளிம்பில் குவிக்கிறது. ஆகவே கண்ணாடியில் துளியைக் காயவிடாமல் எடுத்துவிட்டால் வளையமும் இல்லை, கோடும் இல்லை. இக்கலையின் முழு இரகசியமும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

தேவையான பொருள்கள்

1. மென்மையான தூசித் தூரிகை அல்லது உலர்ந்த பழைய வண்ணத் தூரிகை.
2. அரை வாளி நீர். மழைநீர் கிடைத்தால் நன்று, இல்லையேல் ஆற்றுநீர்.
3. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில துளிகள்.
4. வினிகர் சிறிதளவு.
5. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணி மூன்று துண்டுகள்.
6. ரப்பர் பட்டை வைத்த சிறிய கை வைப்பர். இது இல்லாவிடினும் குறைவில்லை.

கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரை இன்றுள்ள வடிவில் செய்தவர், இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் ஜன்னல் துடைக்கும் தொழிலாளி. 1936-இல் அவர் செய்த பித்தளைக் கருவி, எடை மிகுந்த பழைய கருவிகளின் இடத்தைப் பிடித்தது. தொழில் செய்பவரே அத்தொழிலின் குறையை நன்கறிவார் என்பதற்கு இது நல்ல சான்று.

செய்முறை

முதலாவதாக நேரத்தைத் தேர்ந்துகொள்க. காலை வெயில் ஏறுமுன்போ, மாலை வெயில் தாழ்ந்தபின்போ துடைக்க வேண்டும். கிழக்கு ஜன்னலை மாலையிலும் மேற்கு ஜன்னலைக் காலையிலும் துடைப்பது அறிவுடைமை.

இரண்டாவதாகக் கொசுவலை இருப்பின் கழற்றித் தனியே கழுவுக. சட்டம், கம்பி, மூலை முடுக்கு ஆகியவற்றின் தூசியை உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுக. நகரும் ஜன்னலாயின், அடியிலுள்ள தடத்தில் தங்கிய மண்ணையும் எடுத்துவிடுக. இதைச் செய்யாமல் நீரை ஊற்றினால் சட்டத்துத் தூசியெல்லாம் சேறாகிக் கண்ணாடியில் வழியும்.

மூன்றாவதாக அரை வாளி நீரில் சோப்புத் திரவம் நான்கைந்து துளி மட்டும் விடுக. நுரை பொங்க வேண்டியதில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, மெதுவாக மேலிருந்து கீழாகத் துடைக்க. சமையலறை ஜன்னலாயின் வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்க. எண்ணெய்ப் பசை விரைவில் இளகும்.

நான்காவதாக வேறொரு துணியைச் சோப்பில்லாத நீரில் நனைத்துப் பிழிந்து, சோப்பு முழுவதையும் எடுத்துவிடுக. பலர் விட்டுவிடும் படி இதுவே. இதை விட்டவர்க்கே கோடு விழுகிறது.

ஐந்தாவதாக நீரைக் காயவிடாமல் எடுக்க வேண்டும். வைப்பர் இருப்பின், மேல் விளிம்பிலிருந்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்து, ஒவ்வோர் இழுப்பிற்கும் ரப்பர் பட்டையைத் துணியால் துடைத்துக்கொள்க. அடுத்த இழுப்பு முந்தைய இழுப்பின் ஓரத்தைச் சற்றே தழுவிச் செல்லட்டும். வைப்பர் இல்லையேல் உலர்ந்த வேட்டித் துணியால் ஒற்றித் துடைக்கலாம். இறுதியில் நான்கு ஓரங்களையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுக. அங்கே தங்கும் நீரே பின்னர் வழிந்து கோடாகும்.

இங்கே ஓர் உத்தியைச் சொல்ல விரும்புகிறோம். உட்புறத்தை இடமிருந்து வலமாகவும், வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகவும் துடைத்து முடியுங்கள். பின்னர் ஏதேனும் கோடு தெரிந்தால், அது படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்த்தே எப்பக்கத்துக் கோடு என்று சொல்லிவிடலாம். உள்ளே ஓடி வெளியே ஓடிக் களைக்க வேண்டியதில்லை.

வெள்ளைப் புள்ளிகள் போகாவிடில்

நாள்பட்ட உப்புக் கறையைச் சோப்பு நீர் கரைக்காது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அதனுடன் வினைபுரிந்து நீரில் கரையும் உப்பாக மாற்றுகிறது; கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு நீர் கலந்து, துணியை நனைத்துக் கறையின்மேல் சற்று நேரம் ஒற்றி வைத்துப் பின் துடைக்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கண்ணாடியில் தெறித்த பொட்டுகளும் இவ்வாறே போகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு ஜன்னல் திண்டுகள் பலவற்றில் கடப்பா கல் பதித்துள்ளனர். அது சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. வினிகர் சொட்டினால் கறையைக் கரைப்பது போலவே கல்லின் பளபளப்பையும் கரைத்துவிடும். மொசைக் தளத்திற்கும் பளிங்குக் கல்லுக்கும் இதே கதிதான். ஆகவே திண்டின்மேல் பழைய துணியை மடித்துப் போட்டபின்னரே வினிகரைத் தொட வேண்டும்.

புளித் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் அமிலம்தாமே, அவை ஆகாவா என்று கேட்கலாம். அமிலம் உண்டு; கூடவே சக்கையும் சர்க்கரையும் உண்டு. பித்தளையைத் துலக்கிப் பின் நிறைய நீர்விட்டுக் கழுவுகிறோம். கண்ணாடியை அவ்வாறு கழுவ முடிவதில்லை. எனவே ஒட்டும் பசை தங்கிவிடும். அரிசி களைந்த நீரிலும் மாவுச்சத்து உள்ளதால் அதுவும் படலம் விடும். அதைச் செடிக்கு ஊற்றினால் செடியேனும் செழிக்கும்.

நாளிதழ்த் தாளால் துடைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தாள் நீரை நன்கு உறிஞ்சும், இழை உதிர்க்காது. ஆயினும் அதன் மை விரலிலும் வெள்ளைச் சட்டத்திலும் ஒட்டக்கூடும். கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டால் தீங்கில்லை.

உயிருக்கு மேலானது எதுவுமில்லை

ஜன்னல் துடைக்கும் வேலையில் ஆபத்து இரண்டு உண்டு.

ஒன்று, மருந்துகளைக் கலப்பது. பிளீச்சிங் பவுடருடன் வினிகரைக் கலந்தால் குளோரின் வாயு எழும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்துடன் பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு எழும். இரண்டும் மூச்சுக்குழலைத் தாக்கும். 'இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு வெளுக்கும்' என்று எண்ணுவது பெரும் பிழை. ஒரு நேரத்தில் ஒரு மருந்தே போதும்.

மற்றொன்று, உயரம். மாடி ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைப்பதற்காகத் திண்டின்மேல் ஏறி நிற்பதும், நாற்காலிமேல் நாற்காலி அடுக்குவதும் வேண்டா. நம் வீட்டு ஜன்னல்களில் கம்பி இருப்பது நமக்குக் காவல். வெளிப்பக்கம் திறக்கும் கதவை முழுவதும் தள்ளாமல் பாதி திறந்து வைத்தால், கம்பிக்கிடையே கை நீட்டி அதன் இரு பக்கத்தையும் துடைக்கலாம். கைக்கு எட்டாத இடத்திற்குக் கோலில் துணியைக் கட்டிக்கொள்ளலாம். எதற்கும் எட்டாத கண்ணாடி அழுக்காகவே இருக்கட்டும். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம், கை கால்களை மாற்ற முடியாது.

நீரும் கண்ணாடியும் வளர்த்த பெண்மணிகள்

அன்புத் தோழியரே! துடைப்பதும் கழுவுவதும் அறிவுக்கு வேலையில்லாத தொழில் என்று சிலர் கருதுகின்றனர். அவர்களுக்கு ஆக்னஸ் பாக்கல்ஸ் என்னும் ஜெர்மன் நாட்டுப் பெண்மணியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1862-இல் பிறந்த அவருக்கு அறிவியலில் பேரார்வம். ஆனால் அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பெற்றோரைப் பேணி, வீட்டு வேலை செய்து வந்த அவர், பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாயத்தைக் கூர்ந்து கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றைச் செய்து நீரின் பரப்பு இழுவிசையைத் தாமே அளந்தார். தம் முடிவுகளை 1891-இல் இங்கிலாந்தின் அறிஞர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ரேலேயின் முயற்சியால் அக்கடிதம் அவ்வாண்டு மார்ச்சு மாதம் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1932-இல், தம் எழுபதாம் வயதில், அவர் கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார்.

அவருடைய தொட்டியின் வழியிலேயே அமெரிக்க அறிஞர் லாங்மியூரும் அவருடன் பணியாற்றிய கேத்தரின் பிளாட்ஜெட் அம்மையாரும் ஆராய்ந்தனர். பிளாட்ஜெட் 1926-இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. அவர் கண்ணாடியின் மேல் பேரியம் ஸ்டியரேட் என்னும் சோப்பு வகைப் பொருளை ஒரு மூலக்கூறு தடிமனுள்ள அடுக்குகளாக, 44 அடுக்குகள் பூசி, ஒளியை எதிரொளிக்காத கண்ணாடியை 1938-இல் படைத்தார். கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. நம் ஜன்னலை மங்கச் செய்யும் சோப்புப் படிவின் உறவினரே, ஒழுங்காக அமைந்தபோது கண்ணாடியைத் துலங்கச் செய்தது! ஓடும் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-இல் காப்புரிமை பெற்ற மேரி ஆண்டர்சனும் ஒரு பெண்மணியே.

இவர்கள் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கையில் துணி இருக்கும்போதும் கண்ணில் ஆராய்ச்சி இருக்கலாம் என்பதே. ஆனால் அத்துணி பெண் பிள்ளைகள் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதி எங்குமில்லை. ஜன்னலின் வெளிச்சம் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்தே வருகிறது. அவர்கள் வெளிப்புறத்தையும் நாம் உட்புறத்தையும் துடைத்தால் வேலை பாதியாகும். படிக்கும் நேரம் நமக்கும் மிஞ்சும். ஆக்னஸ் அம்மையாருக்கு மறுக்கப்பட்ட கதவு நமக்குத் திறந்திருக்கிறது. அதில் நுழைய நமக்கு வேண்டியதும் நேரமே.

முடிவுரை

தூசியை உலர்வாய்த் தட்டுதல், சோப்பைக் குறைவாய் இடுதல், நன்னீரால் மீண்டும் துடைத்தல், காயுமுன் நீரை எடுத்தல் ஆகிய நான்கும் கறையில்லாக் கண்ணாடிக்கு வழி. இவற்றுக்குச் செலவு சில காசுகள். நீர் அரை வாளி. ஆடிக் காற்று ஓய்ந்தபின் ஒரு முறையும், கார்த்திகை மழை நின்றபின் ஒரு முறையும், பிசான அறுவடைக்குப்பின் ஒரு முறையும் துடைத்துவிட்டால், மாலையில் விளக்கேற்றுமுன் இன்னும் சற்று நேரம் ஜன்னலோரம் அமர்ந்து படிக்கலாம். கண்ணாடியைத் துடைப்போம், வீட்டிலுள்ளோர் அனைவரும் சேர்ந்தே துடைப்போம்!